ஆடை கலைந்த பீப்பாய்

எல்லாரும் நலமா? முழங்கால், இடுப்பு, மூச்சு எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா? இங்கே ஜூரா மலையடிவாரத்தில் இந்த வருஷம் பனிக்குப் போக மனசே இல்லை. கிழமைக்கு ஒரு தரம் விடைபெற்றுக்கொண்டு மறுநாள் திரும்பி வந்து நிற்கிறது. உடம்பைப் பற்றிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. இது ஒரு மூக்கும் ஒரு இடுப்பும் சம்பந்தப்பட்ட கதை.

மூக்கு ப்ளாந்தினுடையது. நவம்பர் காய்ச்சலோடு போனது. காய்ச்சல் எட்டு நாளில் இறங்கிவிட்டது, மூக்கு மட்டும் திரும்பி வரவில்லை. முதலில் அவளுக்கே தெரியவில்லை. ஒருநாள் காலையில் வறுத்த சோளமாவுக் கஞ்சியை அடுப்பில் கிளறிக்கொண்டிருந்தாள். மாமனார் ஆன்செல்ம் கதவைத் திறந்துகொண்டு வந்து கத்தினார்.

"ஏய் பர்கண்டிக்காரி! சட்டி கருகி நாறுது, கரண்டியைப் பிடிச்சிட்டு என்ன கனவு?"

அவள் குனிந்து பார்த்தாள். அடியில் கறுப்பாகப் பிடித்திருந்தது. புகைகூட வந்துகொண்டிருந்தது. மூக்கை அதற்கு நேராக வைத்து இழுத்தாள். வெந்நீர் ஆவியை முகத்தில் பிடித்த மாதிரி ஒரு சூடு, அவ்வளவுதான்.

"உங்க சோளம் பழசு மாமா, அதான் சீக்கிரம் பிடிக்குது" என்றாள்.

யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? சமையல்காரிக்கு மூக்கு போனால் உப்பு கூடும், குறையும். திராட்சைக்காரிக்கு மூக்கு போனால் அவள் அப்புறம் என்ன? அதிலும் இவள் நிலை அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. புருஷன் ரெஜி செத்து இரண்டு வருஷம் ஆகிறது. சரிவில் டிராக்டர் உருண்டது. நிலம் முழுக்க ஆன்செல்ம் பெயரில். இரண்டு வருஷமாக அந்த ஐந்து துண்டு தோட்டத்திலும் கவாத்துச் செய்வது, கட்டுவது, மருந்தடிப்பது, அறுப்பது எல்லாம் ப்ளாந்தின். ஆனால் காகிதம் கிடையாது. ஈஸ்டர் கழிந்த செவ்வாய்க்கிழமை நோட்டரியிடம் போய்க் குத்தகை எழுதுவதாகக் கிழவர் சொல்லியிருந்தார். யார் பெயருக்கு என்று சொல்லவில்லை. அவருடைய மகள் மிரெய், லோன் நகரத்தில் மருந்துக்கடையில் இருக்கிறவள், பெரிய ஒயின் வியாபாரிக்கு விட்டுவிடலாம் என்று அப்பாவின் காதைக் கடித்துக்கொண்டிருந்தாள். வியாபாரிக்குக் கொடுத்தால் ப்ளாந்தினுக்கு அந்த வீட்டில் என்ன வேலை? பதினாலு வருஷத்தை ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டு போகவேண்டியதுதான்.

போவதற்கு ஊர் ஒன்றும் தொலைவில்லை. அவள் பிறந்த பர்கண்டிப் பக்கம் சமவெளியைத் தாண்டிக் காரில் ஒன்றரை மணி நேரம். ஆன்செல்முக்கு அது வேறு கிரகம்.

"உங்க ஊருல பீப்பாயைக் கைக்குழந்தை மாதிரி வளக்கறீங்க. வாரம் தவறாம வாயைத் திறந்து ஊட்டிக்கிட்டே இருக்கீங்க. எங்க சவாஞான் திராட்சை அப்படி இல்லடி. அடைச்சு வெச்சா வெச்சதுதான். ஆறு வருஷம் மூணு மாசம். நிரப்பக்கூடாது, அசைக்கக்கூடாது, கிட்ட நின்னு தும்மக்கூடாது" என்பார். பதினாலு வருஷத்தில் நூறு தரமாவது சொல்லியிருப்பார், அவளுக்கு இன்னும் தெரியாது என்கிற மாதிரி.

அந்தத் திராட்சையில் செய்கிற மஞ்சள் ஒயின் அப்படித்தான். பீப்பாய்க்குள் ஒயின் தானாகக் குறையும். குறைந்த இடத்தில், ஆறிய பாலின் மேல் படிகிற மாதிரி, ஒரு ஆடை கட்டும். அந்த ஆடைதான் ஒயினைக் காப்பாற்றும், அந்த மணத்தையும் கொடுக்கும். ஷார்தொனே என்கிற சாதாரண வெள்ளை ஒயின் நேர் எதிர். அதற்குக் காற்று ஆகாது. பதினைந்து நாளைக்கு ஒருதரம் விளிம்பு வரை நிரப்பாவிட்டால் புளித்துப்போகும். ஆன்செல்ம் நிலவறையில் ஆறு பீப்பாய்கள். நாலில் ஆடை கட்டியிருந்தது, இரண்டில் ஷார்தொனே. ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு சிலேட்டு தொங்கும்; அந்த மங்கல் வெளிச்சத்தில் ஆறும் ஒரே மாதிரி, சிலேட்டுதான் அடையாளம்.

டிசம்பரில் பெல்ஜியத்திலிருந்து ஒரு கார் வந்தது. இரண்டு தம்பதிகள். குன்றுமேல் ஊரைப் பார்த்துவிட்டு, கீழே இறங்கி, ருசி பார்க்க வருகிறவர்கள். அந்த மாதிரி வருகிறவர்களைக் கவனிப்பது ப்ளாந்தின்தான். கிழவர் அவர்களை 'காலணி துடைக்கத் தெரியாத கூட்டம்' என்பார். மிரெய்யும் அன்றைக்கு வந்திருந்தாள்.

ப்ளாந்தின் கொந்தே சீஸை வெட்டி வைத்தாள், அக்ரூட்டை உடைத்து வைத்தாள், முந்தின வாரம் திறந்த ஒரு ஷார்தொனேயைக் கிண்ணங்களில் ஊற்றினாள். தன் கிண்ணத்தைச் சுழற்றி மோந்தாள்.

"வெள்ளைப் பூ, கொஞ்சம் எலுமிச்சை" என்று மனப்பாடமாகச் சொன்னாள்.

பெல்ஜியக்காரர் வாயில் வைத்தவர் முகத்தைச் சுளித்தார். "மதாம், மன்னிக்கணும். இது... வினிகர் இல்லையா?"

அறையில் ஒரு கணம் யாரும் மெல்லவில்லை. ப்ளாந்தின் சிரித்தாள்.

"அப்பாடா, நாலு பேருல ஒருத்தராவது கண்டுபிடிச்சீங்களே! காத்து பட்டா ஷார்தொனே என்ன ஆகும்னு காட்டத்தான் ஊத்தினேன். இப்ப பாருங்க, அதே காத்துல ஆறு வருஷம் கிடந்த இதை." அலமாரியிலிருந்து மஞ்சள் ஒயினை எடுத்தாள். "அக்ரூட், காஞ்ச ஆப்பிள், வெந்தயம்." இதுவும் மனப்பாடம்தான். ஆனால் இந்தத் தடவை ஒயினும் அவள் சொன்னபடியே இருந்தது. விருந்தாளிகள் கைதட்டினார்கள்.

மிரெய் தட்டவில்லை. கதவோரம் நின்ற ஆன்செல்மும் தட்டவில்லை. எட்டடி தள்ளி நின்றே அவருக்கு அந்த வினிகர் எட்டிவிட்டது.

கார் போனதும் மிரெய் ஆரம்பித்தாள். "நல்லா நடிக்கற ப்ளாந்தின். கெட்டுப்போனதை ஊத்திட்டுப் பாடம்னு சொல்ற."

"வித்தது பன்னிரண்டு பாட்டில். பாடம் நல்லாதான் இருந்திருக்கு."

"அப்பா, இவ உங்க பேரை என்ன பண்ணுறான்னு பாத்தீங்களா?"

 ஆன்செல்ம் மருமகளைப் பார்த்துச் சொன்னார். "கார்ல வந்தவனைச் சிரிக்க வெக்க எதை வேணா திறப்பே இல்ல நீ? நான் இல்லாத சமயம் என் மூத்த பீப்பாயையும் திறந்து ஒரு கிண்ணம் காட்டுவே."

"உங்க பீப்பாயை நான் எதுக்குத் தொடறேன்?"

"அதைத்தான் பாக்கணும்."

அந்த மூத்த பீப்பாய் ரெஜி நிரப்பியது. ஐந்து வருஷம் தாண்டியிருந்தது. அடுத்த டிசம்பரில் கெடு முடியும். அக்கம்பக்கத்தில் அதைப் பற்றிக் கொஞ்சம் பொறாமையாகவே பேசுவார்கள்.

இடுப்பு ஆன்செல்முடையது. ஜனவரியில் லோன் ஆஸ்பத்திரியில் புது இடுப்பு வைக்க நாள் குறித்திருந்தார்கள். போவதற்கு முந்தின நாள் மத்தியானம், ஒரு கையில் கைத்தடி, ஒரு கையில் விளக்கு, நிலவறைக்குள் போனவர் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வந்தார். பக்கத்து வீட்டு லெயோன்ஸ் கூட இருந்தார். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகம், அதாவது அறுபத்தைந்து வருஷமாகச் சண்டை.

மறுநாள் ஆம்புலன்சில் ஏறிய பிறகு ஆன்செல்ம் ப்ளாந்தினைக் கூப்பிட்டார். "மூணு வாரம். நிலவறையில ஒண்ணையும் தொடாதே. ஷார்தொனேயை லெயோன்ஸ் வந்து நிரப்புவான்."

"எனக்கு நிரப்பத் தெரியாதா? பதினாலு வருஷமா நிரப்புறேன்."

"அதான் சொன்னேன். நீ நிரப்பப் பிறந்தவ."

மூன்று வாரம் ஏழு வாரம் ஆயிற்று. புண்ணில் சீழ் வைத்துவிட்டது. லெயோன்ஸ் ஒரே ஒரு தரம் வந்து நிரப்பினார், அவள் தோட்டத்தில் இருந்த நேரம். அதற்குப் பிறகு நெஞ்சுச்சளி கட்டி, பெசன்சோனிலிருந்து அவருடைய மகள் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பிப்ரவரி கவாத்துக் காலம். வடக்குக் காற்று அந்தச் சரிவில் கத்தி மாதிரி வரும். ப்ளாந்தின் காலை எட்டுக்குப் போவாள். கத்தரியால் பழைய கிளையை எடுத்துவிட்டு, நல்லதாக ஒரு நீளக் கிளையை மட்டும் விடவேண்டும். மார்ச்சில் சாறு ஏறியதும் அதை வில்லாக வளைத்துக் கட்டுவார்கள். வெட்டிய குச்சியைப் பாதி வெட்டிய இரும்பு டிரம் வண்டியில் போட்டு அங்கேயே எரித்து, அந்தத் தணலில் கையைக் காய்ச்சிக்கொண்டு, மத்தியானத்துக்கு உருளைக்கிழங்கும் தொத்திறைச்சியும் சுட்டுத் தின்பாள். புகை கண்ணைக் கரிக்கும். மணம் மட்டும் கிடையாது. கொடிப்புகையில் சுட்ட இறைச்சி அவள் வாயில் சூடான உப்பாக இருந்தது. ஒருநாள் பாதியில் துப்பிவிட்டாள். துப்பியதற்கு வெட்கப்பட்டு மறுபடி ஒரு துண்டு எடுத்து மென்றாள்.

அன்றைக்குத்தான் கணக்குப் போட்டாள். லெயோன்ஸ் போய் ஐந்து வாரம். ஷார்தொனே இரண்டும் ஐந்து வாரமாகத் தாகத்தில் கிடக்கின்றன. தொடாதே என்றார் கிழவர். தொடாமல் விட்டால் இரண்டும் டிசம்பரில் பெல்ஜியக்காரர் குடித்ததுபோல் ஆகும். அப்போதும் அவள் தலையில்தான் விடியும். தொட்டாலும் குற்றம், தொடாவிட்டாலும் குற்றம். இப்படி இருக்கிறபோது வேலையைச் செய்துவிட்டே திட்டு வாங்கலாமே.

மறுநாள் காலை நிரப்புகிற நீளமூக்குக் கேனில் ஷார்தொனே எடுத்துக்கொண்டு இறங்கினாள். வெளியே காற்றில் மரக்கதவு ஒன்று விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. சிலேட்டைப் பார்த்தாள். 'ஷார்தொனே' என்று கிழவரின் கோணல் எழுத்து. சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி அடைப்பை எடுத்தாள்.

எந்தத் திராட்சைக்காரிக்கும் அந்த இடத்தில் மூக்கே சொல்லிவிடும். அடைப்பு வந்த மறுகணம் அக்ரூட்டும் வெந்தயமும் முகத்தில் அறையும். டார்ச் அடித்தும் பார்த்திருக்கலாம். ஷார்தொனேயை யார் டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள்? அவள் மூக்குக்கு ஈரச் சுவரும் அந்தப் பீப்பாயும் ஒன்றுதான். கேனைச் சாய்த்தாள்.

ஒரு கேன் போயிற்று. இரண்டாவதைப் பாதி ஊற்றும்போது வெளியே மரக்கதவு ஒரு கணம் அடிப்பதை நிறுத்தியது. அப்போது கேட்டது. உள்ளே ஒயின் விழுகிற சத்தம் ஆழத்தில், வெகு ஆழத்தில், பாதிக் கிணற்றில் விழுகிற மாதிரி.

ஐந்து வாரத்தில் எந்த ஷார்தொனேயும் அவ்வளவு இறங்காது.

கேனைக் கீழே வைத்துவிட்டு டார்ச்சை வாய்க்குள் அடித்தாள். சாம்பல் வெள்ளையாய் ஆடை, துண்டுதுண்டாய்க் கிழிந்து, ஒன்றன்மேல் ஒன்று மடங்கி, மெதுவாக மூழ்கிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டுப் பார்க்கக்கூட எட்டாது. ஐந்து வருஷம்.

 பிறகு வரிசையாகத் தட்டிக்கொண்டு போனாள். மூத்த பீப்பாயின் வருஷம் எழுதிய சிலேட்டுக்குப் பின்னால் இருந்தது கனமாக, மேல்வரை நிறைந்த சத்தம் கொடுத்தது. அதுதான் ஷார்தொனே. சிலேட்டைக் கழற்றி, ஆணியைப் பார்த்தாள். பழைய துருவில் புதுசாக ஒரு கீறல்.

"கிழட்டுப் பயலே" என்றாள் வாய்விட்டு. அந்த வீட்டில் அவள் முதல்முறையாக அப்படிச் சொன்னாள்.

அவள் திறந்து கார்க்காரர்களுக்குக் காட்டிவிடக்கூடாது என்று ஏமாற்றி மாட்டியிருக்கிறார். அவரே தன் பீப்பாயை அவள் கையில் கொடுத்து உடைக்கச் சொன்ன மாதிரி. இதை ஊர் கேட்கச் சொல்லலாம்தான். ஆனால் ஊர் முதலில் ஒன்று கேட்கும்: அடைப்பைத் திறந்தாயே, உனக்கு மணம் தெரியவில்லையா?

உண்மையான ஷார்தொனேக்களை நிரப்பினாள். கிழிந்த பீப்பாயின் வாயை அடைத்தாள். சிலேட்டுகளை, அவர் மாட்டியது மாட்டியபடியே, விட்டுவிட்டாள். வரட்டும், பார்க்கட்டும்.

மார்ச்சில் ஆன்செல்ம் வந்தார், இரண்டு ஊன்றுகோலோடு, பத்துக் கிலோ இளைத்து. கோட்டைக்கூடக் கழற்றாமல் நிலவறைக்குப் போனார். ப்ளாந்தின் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம். வந்து மேசைமுன் உட்கார்ந்தபோது முகம் சுண்ணாம்பாக இருந்தது.

அவள் சூப்பை வைத்தாள்.

"நிலவறையில ஏதும் விசேஷம் உண்டா?" என்றார்.

"நீங்கதான் பாத்துட்டு வந்தீங்களே மாமா."

"பாத்தேன்."

"அப்புறம்?"

"சூப்புல உப்பு இல்ல."

"ஆஸ்பத்திரி நாக்கு. சரியாப் போகும்."

அவள் பிற்பகலில் போய்ப் பார்த்தபோது சிலேட்டுகள் பழைய இடத்தில் ஒழுங்காகத் தொங்கின.

இப்படி மூன்று வாரம். என் வயசுக்கு நான் எத்தனையோ வீட்டுச் சண்டை பார்த்திருக்கிறேன். தட்டு பறக்கிற வீடு, நாய் ஒளிகிற வீடு. இந்த வீட்டில் பறந்தது ஒன்றுமில்லை. 'ஏன் ஊற்றினாய்' என்று அவர் கேட்டால் 'ஏன் மாற்றினீர்கள்' என்று அவள் கேட்பாள். 'ஏன் மாற்றினீர்கள்' என்று அவள் கேட்டால் 'உன் மூக்கு என்ன செய்தது' என்று அவர் கேட்பார். அவருக்கு அது அரைகுறையாகப் புரிந்துவிட்டது. சீஸை வேண்டுமென்றே கெட்டுப்போக வைத்து அவள் தட்டில் போட்டுப் பார்த்தார். அவள் தின்றாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அவ்வளவுதான், சொல்லவில்லை. அவளும் அவர் ஊன்றுகோலை எட்டாத இடத்தில் சாய்த்துவைப்பாள். "மறந்துட்டேன் மாமா" என்பாள்.

ஈஸ்டருக்கு முந்தின வியாழக்கிழமை காலை மிரெய் ஒரு தரகரோடு வந்து இறங்கினாள். வியாபாரிக்காக ருசி பார்த்துச் சொல்கிறவர். மெலிந்த மனுஷன், மேல்கோட்டில் பொத்தானெல்லாம் போட்டிருந்தார். லெயோன்ஸ் சளி தேறித் திரும்பியிருந்தார். வேடிக்கை என்றதும் அவரும் வந்துவிட்டார்.

"அப்பா, மொசியே உங்க மூத்த பீப்பாயை மட்டும் ஒரு தடவை பாக்கணுமாம். அது எப்படி இருக்குன்னு தெரிஞ்சா செவ்வாய்க்கிழமை பேச்சு சுலபமா முடிஞ்சிடும்" என்றாள் மிரெய்.

"கெடு முடியாம வாயைத் திறக்கறதில்ல" என்றார் ஆன்செல்ம்.

"ஒரு சொட்டுதானே அப்பா! சோதனைக்கு எல்லாரும் எடுக்கறதுதான். என்ன பயம்?"

"எனக்கா? பயமா?"

அந்த வார்த்தையில் கிழவர் விழுந்தார். எல்லோரும் இறங்கினார்கள். தரகர் கீழே உள்ள சின்ன மரக்குழாய் வழியாகக் கால் கிண்ணம் பிடித்தார். விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். மோந்தார். நிறுத்தி, மறுபடி மோந்தார். வாயில் வைத்து உருட்டி, மண்ணில் துப்பினார்.

"அருமையான சரக்கு" என்றார். "இருந்தது. இதுல யாரோ வேற ஒயினை ஊத்தியிருக்காங்க. ஷார்தொனே. இந்த வருஷம்தான், கொஞ்ச நாள் முன்னால. ஆடையும் இல்ல."

மிரெய் சுற்றிலும் பார்த்தாள். "ஊத்தியிருக்காங்களா? யாரு? இதை யாரு தொட்டது?"

லெயோன்ஸ் தன் தொப்பியைக் கழற்றி உள்பக்கத்தைப் படிக்கிற மாதிரி பார்த்தார். ஆன்செல்ம் ஊன்றுகோலைப் பிடித்தபடி ப்ளாந்தினையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் வாயால் சொல்லப் போவதில்லை. அவள் தப்பிக்கிறாளா என்று பார்க்கப் போகிறார்.

'எனக்குத் தெரியாது' என்றால் போதும். ஆறு வாரம் சளியோடு கிடந்த லெயோன்ஸ் இருக்கிறார், ஒருநாள் நிரப்ப வந்தவர். அவர் தலையில் கட்டலாம். செவ்வாய்க்கு இன்னும் ஐந்து நாள்.

"நான்தான்" என்றாள் ப்ளாந்தின். "ஒண்ணரைக் கேன். ஷார்தொனேன்னு நினைச்சு ஊத்தினேன்."

"நினைச்சியா?" மிரெய் சிரித்தே விட்டாள். "அடைப்பைத் திறந்தா தெருவுல போறவனுக்குத் தெரியும்! உன் மூக்கு எங்க போச்சு?"

"போயிடுச்சு. நவம்பர்லேர்ந்து இல்ல. எனக்கு ஒண்ணும் மணக்கறதில்ல மிரெய். உன் சென்ட்டும் சேத்து."

 பிறகு மிரெய் அப்பாவின் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கிவிட்டது, மருந்துக்கடையில் நோயாளியிடம் பேசுகிற மாதிரி. "கேட்டீங்களா அப்பா? மூக்கில்லாதவ கையில தோட்டமாம். நாலு மாசமா உங்களை ஏமாத்தியிருக்கா. விடுங்க. இது இந்தச் சுவரைத் தாண்ட வேண்டாம். ஒண்ணரைக் கேன், ஒரு பீப்பாய்ல அது என்ன? கோடையில மறுபடி ஆடை கட்டும். டிசம்பர்ல சத்தமில்லாம பாட்டில்ல பிடிச்சுடலாம். மொசியே நம்ம மனுஷர்தான், சொல்லமாட்டாரு. இல்லையா மொசியே?"

தரகர் தன் பொத்தானைத் திருகினார். "நான் ஒண்ணும் பாக்கலன்னு சொல்லலாம்" என்றார் கடைசியில்.

ஆன்செல்மின் காது முதலில் சிவந்தது. அப்புறம் கழுத்து.

"மஞ்சள் ஒயின்னு பேர் போட்டு? ஷார்தொனே கலந்ததை?"

"யாருக்கு அப்பா தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியாதா?" ஊன்றுகோலால் தரையை இடித்தார். "இந்த முட்டாளுக்குத் தெரியாதா?" லெயோன்ஸைக் காட்டினார். "அந்தப் பர்கண்டிக்காரிக்குத் தெரியாதா? செத்துப்போன ரெஜி ஊத்தி வெச்ச பீப்பாய்டி இது!"

"நான் குடும்பத்துக்காகத்தானே—"

"சிலேட்டை நான் மாத்தினேன்." ஒவ்வொரு வார்த்தையையும் கல்லாக எடுத்து வைத்தார். "இவ திறந்துடுவான்னு. கார்க்காரனுக்குக் காட்டிடுவான்னு. இந்த லெயோன்ஸுக்குத் தெரியும். நான் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின நாள் மாத்தினேன். இவ சிலேட்டுல இருந்ததைப் படிச்சு ஊத்தினா."

"நான் வேண்டாம்னேன்" என்றார் லெயோன்ஸ் தொப்பிக்குள்.

"நீ ஒண்ணும் சொல்லல! விளக்கைப் பிடிச்சிட்டு நின்னே!"

"விளக்கைப் பிடிச்சுக்கிட்டே வேண்டாம்னேன்டா."

ப்ளாந்தினுக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். மிரெய் படியேறிப் போனாள். தரகர் கிண்ணத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசியில் ப்ளாந்தின் கையிலேயே கொடுத்துவிட்டு அவள் பின்னால் ஓடினார்.

மற்றவர்கள் போனபின்னும் கிழவர் அங்கேயே நின்றார். மன்னிப்பு என்ற வார்த்தை அந்தக் குடும்பத்தில் யாருக்கும் பழக்கமில்லை.

"இதை ஜூன்ல வெறும் வெள்ளை ஒயினா பாட்டில் பண்ணு. பேர் போடாத லேபிள்" என்றார்.

"சரி."

"நாலு மாசமா மூக்கில்லாம என் சூப்பைச் சமைச்சிருக்கே. பாவி."

"நீங்க குடிச்சீங்க."

"செவ்வாய்க்கிழமை எட்டரைக்கு நோட்டரி. நீதான் வண்டி ஓட்டணும். எனக்கு இடுப்பு."

"என்னை எதுக்கு? மிரெய் ஓட்டமாட்டாளா?"

"அவளுக்கு மூக்கு இருக்கு" என்றார் ஆன்செல்ம், படியைப் பார்த்து. "வேற ஒண்ணு இல்ல." பிறகு ஊன்றுகோலை முதல் படியில் வைத்தார். அவள் கை கொடுக்கவில்லை, அவர் கேட்கவும் இல்லை. பதினோரு படிக்கு அரைமணி ஆயிற்று.

செவ்வாய்க்கிழமை காலை சாலையெல்லாம் மூடுபனி. ஏழாவது கிலோமீட்டரில் கிழவர் ஆரம்பித்தார்.

"இடுப்பு இருக்கு. மெதுவா போ."

"நாப்பதுலதான் போறேன்."

"உங்க ஊருல இதுதான் நாப்பதா?"

அவள் முப்பத்தைந்துக்கு இறக்கினாள். பின்னால் ஒரு டிராக்டர் வந்து ஒட்டிக்கொண்டது.

"மூக்கு திரும்பி வருமா? டாக்டர் என்ன சொல்றான்?"

"வரலாம்னாரு. வராமலும் போகலாம்னாரு."

"வந்தா முதல்ல என் நாத்தம்தான் அடிக்கும் உனக்கு."

"அதுக்கு மூக்கு எதுக்கு மாமா."

கிழவர் ஒரு சத்தம் போட்டார், இருமலா என்னவோ. கொஞ்ச தூரம் போனபின் சொன்னார். "அதுவரைக்கும் பீப்பாயை நான் மோந்து சொல்றேன். நீ சொன்னதைச் செய்."

"நீங்க மோந்து சொல்லுங்க. செய்யறதா வேண்டாமாங்கறதை நான் பாத்துக்கறேன். குத்தகை என் பேருல."

"இன்னும் கையெழுத்து போடலடி."

"அப்ப வண்டியைத் திருப்பட்டுமா?"

"திருப்பு, பாக்கலாம்."

ப்ளாந்தின் இடதுபக்க விளக்கைப் போட்டாள். பிரேக்கை மிதித்தாள். ஸ்டீயரிங்கை ஒடித்தாள். வண்டி நடுச்சாலையில் குறுக்கே நின்றது. பின்னால் டிராக்டர்க்காரன் ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு வாய்க்கு வந்தபடி திட்டினான். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடி வழியே நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஆன்செல்மும் அதே மூடுபனியைப் பார்த்தார். ஒரு நிமிஷம். ஒன்றரை நிமிஷம்கூட இருக்கும்.

"நேரா போடி" என்றார் கிழவர். "எட்டரை ஆகப்போவுது."

கையெழுத்து ஆயிற்று, இருபத்தைந்து வருஷத்துக்கு, அவள் பெயரில். திரும்பி வருகிற வழியிலும் சண்டைதான் என்று கேள்வி. உங்கள் வீட்டிலும் இப்படி, ஒருத்தரை ஒருத்தர் பிடிக்காமலே ஒரே வண்டியில் போகிறவர்கள் இருப்பார்கள். யார் ஓட்டுகிறார்கள், யார் திட்டுகிறார்கள், ஒரு வரியானாலும் எனக்கு எழுதிப்போடுங்கள். பொய் கலக்காமல் எழுதுங்கள்.